ரூகர் செக்யூரிட்டி-9: ஒரு இடது கைக்காரரின் அனுபவம்

செக்யூரிட்டி-9 வாங்கியதற்கு முதல் காரணம் அதன் டிரிக்கர். ரூகர் கம்பெனி 2017 இறுதியில் பட்ஜெட் ரகமாகக் கொண்டுவந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இது. சந்தைக்குப் பழசு, என் கைக்குத்தான் புதுசு. இந்த விலை வரிசையில் கிடைக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரைக்கர் முறையில், அதாவது ஸ்பிரிங் தள்ளும் ஊசி தோட்டாவை அடிக்கும் முறையில் சுடுபவை. இதில் ஸ்லைடுக்குள் (முன்பின் நகரும் மேல்பகுதி) மறைவாக ஒரு ஹேமர், அதாவது சுத்தியல், இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது, டிரிக்கரில் விரல் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மெதுவாக அழுத்தினால் முதலில் கனமே இல்லாத ஓட்டம். அப்புறம் ஓர் இடத்தில் தடை தட்டுப்படும். அங்கே நிறுத்தி, குறிபார்க்கும் சைட் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று விடுபடுகிறது. இழுவை கிடையாது, மணல் அரைப்பது மாதிரியான உணர்வும் கிடையாது. சுட்டபிறகு விரலை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் விட்டாலே ‘டிக்’ என்று ரீசெட் ஆகிவிடும், அடுத்த தோட்டாவுக்குத் தயார்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்? நான் இடது கைக்காரன். டிரிக்கரைச் சுண்டி இழுத்தால் வலது கைக்காரர்களுக்குக் குண்டு கீழே இடப்பக்கமாகப் போகும், எங்களுக்குக் கீழே வலப்பக்கமாகப் போகும். டிரிக்கர் எவ்வளவு கனமாகவும் கரடுமுரடாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுண்டத் தோன்றும். பத்து மீட்டரில் இலக்கு அட்டையைப் பார்த்தாலே கை என்ன செய்தது என்று தெரிந்துவிடும். செக்யூரிட்டி-9இல் என் குண்டுகள் நடுவட்டத்தை ஒட்டியே விழுகின்றன. கூடச் சுடும் நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எனக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மி தோட்டாக்களைப் போடச் சொன்னேன். டம்மி வந்த இடத்திலும் குழல்முனை குனியவில்லை. இந்தச் சோதனையை எந்தப் பிஸ்டல் வாங்கினாலும் செய்து பாருங்கள். டிரிக்கரைப் பற்றி நூறு வீடியோ பார்ப்பதைவிட இது உண்மையைச் சொல்லும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஸ்லைடு ஓடினால்தான் ஹேமர் ஏறும். தோட்டா வெடிக்காமல் போனால் டிரிக்கரை மறுபடி இழுத்து அதே தோட்டாவை இன்னொரு முறை அடிக்க முடியாது. ஒரு மலிவான தோட்டாப் பெட்டியில் எனக்கு அப்படி ஒன்று மாட்டியது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமரில் குழி நன்றாகவே விழுந்திருந்தது, ஆக குற்றம் தோட்டாவுடையது. இலக்கை நோக்கிப் பிடித்தபடியே முப்பது விநாடி காத்திருந்து, அப்புறம் ஸ்லைடை இழுத்து வெளியேற்றினேன். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு என்பதால் இந்த முப்பது விநாடியில் சமரசம் கூடாது. மற்றபடி வெவ்வேறு தயாரிப்புத் தோட்டாக்களைக் கலந்து போட்டும் சிக்கவில்லை.

அளவு நடுத்தரம். குழல் நான்கு அங்குலம், மேகசினில் 15 தோட்டா, எடை சுமார் 670 கிராம். க்ளாக் 19 என்ற பிரபலமான பிஸ்டலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட அதே அளவு. சட்டகம் கண்ணாடியிழை கலந்த நைலான். அதற்குள் ஸ்லைடு ஓடுவதற்கு முழு நீளத் தண்டவாளங்கள் கொண்ட அலுமினியக் கூடு இருக்கிறது. பட்ஜெட் பிஸ்டலில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்லைடைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டு ஆட்டம் மிகக் குறைவு. பிடி மெலிந்தது, என் கை சின்னது, இரண்டு கைகளின் விரல்களும் நன்றாகச் சுற்றிக்கொள்கின்றன. பெரிய கைக்காரர்களுக்குக் கொஞ்சம் ஒல்லியாகப் படலாம். உதைப்பு 9 மில்லிமீட்டருக்கு வழக்கமானதுதான். மணிக்கட்டைத் தளர விடாமல் பிடித்தால் சைட் நேராகப் பழைய இடத்துக்கே திரும்புகிறது.

விலையைக் குறைத்தது எங்கே என்றால் மேற்பூச்சிலும் சைட்டிலும்தான். வெளிச்சத்தில் அட்டைமேல் சுட இந்தச் சைட் போதும். இருட்டில் ஒளிரும் ஸ்டீல் டிரிடியம் சைட் வேண்டுமென்றால் இதிலேயே ப்ரோ என்று ஒரு வகை இருக்கிறது. ஸ்லைடு ஸ்டீலுக்கு நீலப்பூச்சு. பொதுவாக நீலப்பூச்சு கைவியர்வையைப் பெரிதாகத் தாங்காது என்பதால், சுட்டுவிட்டு வந்ததும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துத்தான் உள்ளே வைக்கிறேன்.

இடது கைக்காரர்கள் கவனிக்க வேண்டியது சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு. அது இடப்பக்கம் மட்டும்தான், அதுவும் சின்னது. வலது கைக்காரரின் கட்டைவிரல் தானாகப் போய் அதில் உட்காரும். எங்களுக்கு வலது கைக் கட்டைவிரலால்தான் தள்ள வேண்டியிருக்கிறது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், நிதானமாகச் சுடும் எனக்கு இது பொருட்டல்ல. சேஃப்டி போட்டே எடுத்துச் செல்ல வேண்டும் என்று நினைக்கிற இடது கைக்காரருக்கு இந்தப் பிஸ்டலைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சுத்தம் செய்யக் கழற்றுவது இதில் ஒரு தனிக் கலை. பல பிஸ்டல்களில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் ஸ்லைடு வந்துவிடும். இதில் இடப்பக்கம் இருக்கும் ஊசியின் தலையைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உருவ வேண்டும். சின்னத் துண்டு, தரையில் விழுந்தால் தேடவேண்டி வரும். நான் அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வேன். ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் சட்டகத்தில் கீறல் விழாது. ஆனால் இந்தச் சின்னத் தொல்லைக்கு ஈடாகப் பெரிய நிம்மதி ஒன்று இருக்கிறது. கழற்றுவதற்காக டிரிக்கரை இழுக்க வேண்டியதே இல்லை. சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) தோட்டா கிடப்பது தெரியாமல் கழற்றப் போய் வீட்டுக்குள் வெடித்த விபத்துகள் பல, டிரிக்கரை இழுத்தால்தான் பிரிக்க முடியும் என்ற அமைப்பில் நடந்தவை. அதற்காக அலட்சியம் கூடாது. மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறேன்.

கூட வருவது இரண்டு ஸ்டீல் மேகசின்கள். புதுசில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், கடைசி இரண்டு மூன்று தோட்டாவை நுழைக்கக் கட்டைவிரல் நோகும். தோட்டா நுழைக்க உதவும் லோடர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறியது வேண்டுமென்றால் 10 தோட்டா காம்பாக்ட் இருக்கிறது. ஸ்லைடை இழுக்கக் கையில் வலு இல்லாதவர்கள் இதே குடும்பத்தின் செக்யூரிட்டி-380ஐப் பார்க்கலாம், அதன் ஸ்லைடு எளிதாக இழுபடும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். எதை வாங்குவதாக இருந்தாலும், ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பாருங்கள். இந்த டிரிக்கர் உங்களுக்கு ஒத்துவருமா என்பது முதல் மேகசின் காலியாவதற்குள் தெரிந்துவிடும்.