பூந்திக்கொட்டை, வீட்டுச் சவுக்காரம், வாஷிங் சோடா: துணிக்கு எது, மல்லிச்செடிக்கு எது?

எங்கள் வீட்டுத் துவைகல்லில் அலசிய தண்ணீர் வாய்க்கால் வழியாக நேரே மல்லிகைப் பாத்திக்குப் போகும். திண்டுக்கல்லில் தண்ணீரின் அருமை தெரியாதவர் கிடையாது. வீடு கட்டும்போதே மாமனார் அந்தச் சின்ன வாய்க்காலைச் சிமெண்ட் பூசி இழுத்துவிட்டார். பாத்தியில் ஐந்து குண்டுமல்லி, எல்லாம் நிலக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பதியன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் மூன்று செடிகள் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புக்கு நடுவில் வெளுத்தது. கொழுந்து இலையில்தான் முதலில் தெரிந்தது. அரும்பும் சிறுத்துப்போனது.

கடைப் பவுடர்தான் காரணம் என்று முடிவுகட்டி, இயற்கையானது என்று பலரும் சொல்கிற வாஷிங் சோடாவுக்கு மாறினேன். அந்தக் கோடை முடிவதற்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து கருகிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. துணியை மட்டும் பார்த்துச் சாமான் தேர்ந்தெடுத்தால் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற செடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து, துவைத்து, பாத்தியையும் கவனித்து வந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வேட்டி, நாலு துண்டு

பழைய வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்தேன். ஒவ்வொரு துண்டிலும் நாலு கறை: சாயங்காலம் கழுத்தைத் துடைத்த அழுக்கு, ஒரு கரண்டி சாம்பார், செம்மண், வாழைக்கறை. நாலையும் ஒரே போர் தண்ணீரில், ஒரே நேரம் ஊறவைத்து, ஒரே அளவு கசக்கினேன். போட்டியிட்டவை பூந்திக்கொட்டைச் சாறு, வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரம், வாஷிங் சோடா, பழத்தோலில் ஊறவைக்கும் பயோ என்சைம்.

செம்மண் நாலிலும் போனது. வாழைக்கறை நாலிலும் போகவில்லை. அந்தக் கறைக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வித்தியாசம் தெரிந்தது கழுத்து அழுக்கிலும் சாம்பாரிலும்தான்.

கழுத்து அழுக்கு என்பது வேர்வை மட்டுமல்ல. தோலில் ஊறும் எண்ணெயும் உதிரும் தோலும் சேர்ந்து நூலில் அப்பிக்கொள்வது. எண்ணெயை இழுக்கும் வேலையில் சவுக்காரம்தான் முதலிடம். சோடா இரண்டாவது. பூந்திக்கொட்டையில் முக்கால்வாசி போய், பட்டை போல ஒரு நிழல் நின்றது. பயோ என்சைமில் ஊறிய துண்டு வெறும் தண்ணீரில் ஊறியதற்கு மேல் ஒன்றும் காட்டவில்லை.

சாம்பார்க் கறை சவுக்காரம் பட்டதும் செக்கச்செவேலென்று ஆனது. முதல் தடவை பார்க்கிறவர்கள் துணியே போச்சு என்று பயந்துவிடுவார்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிறோமே, அதே சங்கதி. சோடாவிலும் அப்படியே சிவந்தது. பூந்திக்கொட்டைச் சாறு லேசான புளிப்புத்தன்மை உள்ளது, அதனால் அதில் கறை மஞ்சளாகவே இருந்தது. நன்றாக அலசியதும் சிவப்பு இறங்கி மஞ்சளாகிவிட்டது. கொடியில் வெயில் படப் போட்டேன். சாயங்காலத்துக்குள் நாலு துண்டிலுமே அந்த மஞ்சள் மங்கிப்போனது. மஞ்சள் கறைக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை.

பூந்திக்கொட்டை

நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கியதாகக் கேட்டு வாங்குங்கள். நுரை வருவது தோலில்தான், கறுப்பு விதையில் ஒன்றுமில்லை. இருபது தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் டீ நிறத்தில் சாறு வரும். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும். தோலைத் துணிப்பையில் கட்டி மெஷினில் போடச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீரில் ஓடும் மெஷினில் அது பாதிகூடக் கரையாது, காய்ச்சின சாறுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

இதன் பெரிய பலம் உப்புத் தண்ணீரில் தெரியும். சவுக்காரம் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் திரிந்து, சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டையில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் அப்படித் திரியாது. எங்கள் போர் தண்ணீரில் கலர் சட்டையை இரண்டு அலசலில் முடிக்க முடிகிறது என்றால் இதனால்தான்.

பட்டுக்கு இதைவிட்டால் வேறு யோசனையே வேண்டாம். பட்டு நூல் புரதத்தால் ஆனது, காரம் பட்டால் நைந்து மினுமினுப்பு போய்விடும். கம்பளிக்கும் அதே கதைதான். பட்டுப்புடவையைச் சாறு கலந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் அமுக்கி எடுத்து, பிழியாமல் நிழலில் விரித்துக் காயப்போடுகிறேன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சாறு மூன்றாம் நாள் புளித்து நாறும், ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வெள்ளைத் துணியை இதிலேயே தொடர்ந்து துவைத்தால் பழுப்பேறும். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். மீன் தொட்டி, குளம் பக்கம் இந்தத் தண்ணீர் போகவே கூடாது. சப்போனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். ஓடையில் சப்போனின் உள்ள காய்களை நசுக்கிப் போட்டு மீன் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததே அதனால்தான். மல்லிப் பாத்திக்கு மட்டும் ஒரு கெடுதலும் இதுவரை நான் பார்க்கவில்லை.

சீயக்காயிலும் இதே சப்போனின்தான். தலைக்கு அது நல்லது. துணிக்குப் போட்டால் அதன் தூள் மடிப்பிலெல்லாம் தங்கி, உதறி மாளாது.

சவுக்காரம்

வீட்டிலேயே செய்வதில் துணிக்கு மிகச் சுத்தமான வேலை செய்வது இதுதான். செய்யும்போது ஆபத்து அதிகமானதும் இதுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் காஸ்டிக் சோடா. அதை டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றி, காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துத்தான் செய்வேன். அவசரத்தில் ஒரு தடவை அலுமினியக் கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டேன். விட்ட நொடியில் புஸ்ஸென்று பொங்கி, கரண்டி கறுத்து, முனை அரித்துப்போய்க் கையில் வந்தது. காஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஜன்னல் திறந்திருந்தது, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. அன்றிலிருந்து எவர்சில்வர் பாத்திரமும் மரக்கரண்டியும் மட்டும்தான். அச்சில் ஊற்றி, அறுத்து, நாலு வாரம் காற்றாட வைத்த பிறகே எடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரம் மற்ற எண்ணெய்களில் செய்ததைவிட உப்புத் தண்ணீரில் நன்றாக நுரைக்கும். அப்படியும் போர் தண்ணீரில் திரிவதைத் தடுக்க முடியாது. ஐப்பசியில் மொட்டை மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து அதே வேட்டித் துண்டைத் துவைத்துப் பார்த்தேன். பாதிக் கட்டி போதுமாயிருந்தது, துணியும் பூப்போல இருந்தது. ஆக, மழைத் தண்ணீரோ நல்ல ஆற்றுத் தண்ணீரோ கிடைக்கிற வீட்டுக்குச் சவுக்காரம்தான் முதல் தேர்வு. போர் தண்ணீரையே நம்பியிருக்கிற வீட்டில் கழுத்துப்பட்டை, கைமடிப்பு, காலுறை ஆகியவற்றுக்கு மட்டும் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

வாஷிங் சோடா

சோடாவைப் புதுசாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. சலவைத் தொழிலாளிகள் உவர்மண்ணைக் கரைத்து அதில் வெள்ளைத் துணியைத் தோய்த்து, அடுப்பின் மேல் அடுக்கி ராத்திரி முழுக்க வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் இருந்ததும் இந்தச் சோடியம் கார்பனேட் வகைதான். ஆவியும் காரமும் சேர்ந்து அழுக்கை நூலிலிருந்து கழற்றும், மறுநாள் படித்துறைக் கல்லில் அடித்து அலசுவார்கள். காலமெல்லாம் காரத்தில் கை வைத்தே உழைத்த மனிதர்கள் அவர்கள். ஊர் முழுக்க வெள்ளை வேட்டி உடுத்தியதற்குப் பின்னால் இருந்த அந்த உழைப்புக்கு ஊர் கொடுத்த மரியாதை மிகக் குறைவு.

சோடா தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் படியவைத்து மென்மையாக்கும். சவுக்காரத்தோடு சேர்த்தால் அதன் பலம் கூடும். வெள்ளைப் பருத்தி, பெட்ஷீட், அடுப்படித் துணி இதற்கெல்லாம் வெந்நீரில் ஒரு வாளிக்கு இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போடலாம். பட்டும் கம்பளியும் இதன் பக்கமே வரக் கூடாது.

எங்கள் வீட்டில் இது தோற்ற இடம் பாத்தி. சோடியம் மண்ணில் சேரச் சேரக் களிமண் பிரிந்து, காய்ந்ததும் ஓடு போல இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணில் காரம் ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. சோடாவுக்கு மாறும் முன்பே மல்லியில் நான் பார்த்த அந்த மஞ்சள் வெளுப்பும் இதே வகைதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளித்த பிறகு, அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. இப்போது சோடா போடுகிற நாளில் வாய்க்காலை அடைத்து, தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுகிறேன். சவுக்காரத்திலும் சோடியம் உண்டு என்பதால் முதல் அலசலை மட்டும் பாத்திக்கு விடுவதில்லை.

ஆப்ப சோடாவும் வினிகரும்

இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கும், பார்க்க வேலை நடப்பது போலிருக்கும். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீர். வினிகரைத் தனியாகக் கடைசி அலசலில் கால் டம்ளர் விட்டால் சவுக்காரப் பிசுக்கு போகும், துண்டு மெத்தென்று இருக்கும். வினிகரைப் பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பயோ என்சைமுக்கு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாசம். தரை துடைக்க அருமையாக இருக்கிறது, துணிக்கு வேண்டாம்.

வாசனை எங்கிருந்து?

வீட்டுச் சாமானில் துவைத்த துணிக்கு மணம் இருக்காது. இதனாலேயே பலர் திரும்பக் கடைச் சரக்குக்குப் போகிறார்கள். துணி மென்மையாக்கும் திரவம் நூலின் மேல் மெழுகு போலப் படிவதால் துண்டு தண்ணீரையே உறிஞ்சாமல் போகும். எனக்கு அது சரியாக வரவில்லை. பாத்தியில் இத்தனை மல்லி இருக்க வாசனைக்கு ஏன் அலைய வேண்டும் என்று முதலில் பூவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசினேன். அவித்த கீரை வாசம்தான் வந்தது. மல்லியின் மணம் சூடு தாங்காது. காய்ந்த பூவைப் பீரோவில் வைத்துப் பார்த்தேன், புடவை மடிப்பில் பழுப்புக் கறை விழுந்தது.

பூக்கார அக்காவிடம் சொன்னபோது, “மல்லியக் கொண்டுபோயி பீரோல வைப்பாகளா தாயி? அது ஒரு ராத்திரிப் பூவு. மகிழம்பூ வாங்கி வையி” என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. மல்லியின் மணம் லேசானது, சீக்கிரம் ஆவியாகும், அதனால்தான் ஒரு முழம் பூ வீட்டையே நிறைக்கிறது. மகிழம்பூ வாடிக் காய்ந்து பழுப்பான பிறகும் மணக்கும். நடுவில் ஓட்டையோடு நட்சத்திரம் போல விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும், பறிக்கவே வேண்டாம். திருவொற்றியூரிலும் திருவண்ணாமலையிலும் தலமரம் இதுதான். ஒரு கைப்பிடியை நிழலில் உலர்த்தி மெல்லிய பருத்திப் பையில் கட்டிப் போட்டேன். மாசக்கணக்கில் ஆகியும் பீரோவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுகிறது. என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

அடுத்தது வெட்டிவேர். மணம் கனமானது, மெதுவாகத்தான் கிளம்பும். மங்கிவிட்டால் தண்ணீர் தெளித்து வெயிலில் காட்டினால் திரும்பி வரும். ராத்திரி ஊறவைத்த தண்ணீரில் கடைசி அலசலும் போடலாம், வெள்ளைத் துணிக்கு மட்டும் கூடாது. மரிக்கொழுந்து காயக் காய இனிப்பாக மணக்கும், ஆனால் தூளாக உதிரும் என்பதால் கெட்டித் துணியில் கட்ட வேண்டும். தாழம்பூ மணத்தில் ராணிதான். மடலின் ஓரத்து முள் பட்டின் இழையை இழுத்துவிட்டதைப் பார்த்த பிறகு, துணி சுற்றாமல் வைப்பதே இல்லை. பவளமல்லியைத் துணிப் பக்கம் சேர்க்காதீர்கள், அதன் ஆரஞ்சுக் காம்பு சாயம் காய்ச்சவே பயன்பட்டது.

மல்லியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பறித்த அரும்பு ராத்திரி முழுக்க விரிந்து மணம் விட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் கட்ட வேண்டிய உலர்ந்த பருத்திப் புடவையை மூடி உள்ள டப்பாவில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சாயங்கால அரும்பைப் பரப்பி மூடிவிடுகிறேன். காலையில் பூவை எடுத்துவிட வேண்டும். அன்று மத்தியானம் வரை புடவையில் இருக்கும்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் பூந்திக்கொட்டை, கழுத்துப்பட்டைக்குச் சவுக்காரக் கட்டி, மாசம் இரண்டு தடவை வெள்ளைக்குச் சோடா. போன கார்த்திகையில் ஐந்து மல்லியையும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து பண்ணினேன். பங்குனியில் முதல் பறி கால்படிக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. தெருவாசல் ஓரத்தில் ஒரு மகிழங்கன்றும் வைத்திருக்கிறேன், இடுப்பு உயரம் வந்துவிட்டது.