பக்கத்து ஸ்கூலா, சிறப்புப் பள்ளியா? எங்க வீட்டுல யோசிச்சது

பையனுக்கு மூளை முடக்குவாதம்னு சர்டிஃபிகேட் கையில வாங்கின அன்னைக்கே சொந்தக்காரங்க கேட்டது, எந்த ஸ்பெஷல் ஸ்கூல்ல போடப் போறன்னுதான், வேற வழி இருக்குன்னே யாருக்கும் தோணல. ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31வது பிரிவுல தெளிவா இருக்கு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள 6லருந்து 18 வயசு வரைக்குமான பிள்ளைங்க பக்கத்து ஸ்கூலோ சிறப்புப் பள்ளியோ எதுல வேணா இலவசமா படிக்கலாம், எதுங்கிறது நம்ம விருப்பம்.

நாங்க பக்கத்து ஸ்கூல்ல போட்டோம். அவனுக்கு நடக்கத்தான் கஷ்டம், பேச்சு புரியும், கணக்கு நல்லா வரும். தெருப் பசங்களோடயே போய்ட்டு வர்றான், இன்னைக்கு அவன் பையைத் தூக்குறதுக்கு சண்டையே நடக்குது. ஆனா முதல் வருஷம் நான் அழாத நாள் கிடையாது. ரேம்ப் இருந்துச்சு, ஆனா செங்குத்தா. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், அங்க நாலு அடிகூட இல்ல. பாத்ரூம் கதவுல வீல்சேர் நுழையாது, அதனால பிள்ளை காலையிலருந்து தண்ணியே குடிக்காம இருந்திருக்கான், அது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

டீச்சர் விஷயத்துல சிறப்புப் பள்ளிதான் மேல, இதை ஒத்துக்கத்தான் வேணும். அங்க பயிற்சி எடுத்தவங்க நாள் பூரா கூடவே இருக்காங்க. இங்க கல்வித் துறையோட வட்டார வள மையத்துலருந்து வர்ற சிறப்பாசிரியர் பல ஸ்கூலைப் பார்க்கணும், நம்ம பிள்ளைக்கு வாரத்துல எவ்வளவு நேரம் கிடைச்சிடும்? தொடக்கப் பள்ளியில 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல நடுநிலை வகுப்புல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு மத்திய அரசு 2022லயே அறிவிச்சிடுச்சு.

காது கேக்காத பிள்ளைன்னா நான் வேற மாதிரிதான் சொல்லுவேன். என் தோழி பொண்ணு 2 வருஷம் சாதாரண கிளாஸ்ல முன் பெஞ்சுல உக்காந்து போர்டைப் பார்த்து எழுதினா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும், என்ன எழுதினோம்னு தெரியாது. சைகை மொழி பேசுற பள்ளிக்கு மாத்தின பிறகுதான் கேள்வியே கேக்க ஆரம்பிச்சா. சின்ன வயசுல பேச ஒரு மொழி இல்லாம போனா பிறகு ஈடுகட்டுறது ரொம்பக் கஷ்டம், அதனால அஞ்சாவது வரைக்கும் அங்க, அப்புறம் வேணா மாத்தலாம்ங்கிறது என் கருத்து. ஒரே கஷ்டம், பல பேருக்கு அது தூரம், ஹாஸ்டல்ல விடணும், ஆறு வயசுப் பிள்ளையை விட்டுட்டு பஸ் ஏறுறது சும்மா இல்ல.

மூணாவதா வீட்டுவழிக் கல்வி. கல்வி உரிமைச் சட்டத்தோட 2012 திருத்தத்துல கடுமையான குறைபாடு, பல வகைக் குறைபாடு உள்ளவங்களுக்காகக் கொண்டு வந்தது. படுக்கையில இருக்கிற பிள்ளைக்கு அது தேவைதான். ஆனா நடமாடுற பிள்ளையையும் "வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா"ன்னு சொல்லி அனுப்புறாங்கன்னா ஒத்துக்காதீங்க, அதைக் கேக்கிற உரிமை பெத்தவங்களுக்குத்தான், ஸ்கூலுக்கு இல்ல.

பப்ளிக் எக்ஸாம் பயத்துல முடிவெடுக்காதீங்க, கூடுதலா ஒரு மணி நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுற ஸ்க்ரைப் எல்லாம் எந்தப் பள்ளியில படிச்சாலும் கேக்கலாம்.

அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு நாள் இண்டர்வெல் நேரத்துல போய் நில்லுங்க. அங்க ஏற்கனவே படிக்கிற மாற்றுத்திறனாளிப் பிள்ளை அந்தப் பத்து நிமிஷம் யாரோட நிக்குதுன்னு பாருங்க.