ஆப்பிள் ஸ்ட்ரூடல்: இழுத்த மாவா, ஃபைலோவா, பஃப் பேஸ்ட்ரியா?

ஆப்பிளில் சுமார் 85 விழுக்காடு தண்ணீர். மெல்லிய மாவில் பூரணத்தைச் சுருட்டி ஓவனில் சுடும் ஆஸ்திரியப் பலகாரம்தான் ஸ்ட்ரூடல். அதைச் சுடுபவர் படும் பாடெல்லாம் அந்தத் தண்ணீரோடுதான். மேலே மொறுமொறுவென்று வந்து அடியில் களியாய்ப் போவது, ஓவனுக்குள்ளேயே வெடித்துச் சாறு வழிவது, வெட்டும்போது சுருள் பிரிந்து சரிவது, எல்லாம் அதன் வேலை. எந்த மாவில் செய்வது என்ற கேள்வியும் கடைசியில் எந்த மாவு இந்தச் சாற்றை எப்படித் தாங்குகிறது என்பதில்தான் வந்து நிற்கிறது.

வியன்னா நகர நூலகத்தில் 1696-ஆம் ஆண்டின் கையெழுத்துச் சமையல் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரூடலுக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்பு அதுதான் என்கிறார்கள். அதில் ஆப்பிள் கிடையாது, உள்ளே வைப்பது பாலேடு. ஹங்கேரியில் இதே பலகாரத்துக்கு ரேடெஷ் என்று பெயர். இரண்டு ஊரிலும் பழைய முறை ஒன்றுதான்: கண்ணாடி போல ஆகும்வரை கையால் இழுத்த மாவு. கடையில் வாங்கும் ஃபைலோ (காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்), பஃப் பேஸ்ட்ரி (நடுவே கொழுப்பு வைத்து அடுக்கடுக்காக மடித்த மாவு) இரண்டும் வீட்டுக்காரர்கள் பிடித்த குறுக்குவழி. அவற்றிலும் ஒன்று நல்ல வழி, மற்றது வேறு ஊருக்குப் போகும் வழி.

முதலில் பூரணம். இழுத்த மாவுக்கும் ஃபைலோவுக்கும் இதே அளவு. தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் 1 கிலோ, சர்க்கரை 80 கிராம், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், ஒரு எலுமிச்சையின் சாறு, ரம்மிலோ வெந்நீரிலோ ஊறிய உலர்திராட்சை 60 கிராம். ஆஸ்திரியாவில் போஸ்கூப் போன்ற புளிப்பு ஆப்பிளைத் தேடி வாங்குவார்கள். நம் கடைகளில் அதற்குப் பக்கத்தில் வருவது பச்சை கிரானி ஸ்மித். சிவப்பு சிம்லா ஆப்பிளை மட்டும் போட்டால் வெந்தபின் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். பாதிக்குப் பாதி கலந்து, சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். துண்டு 3 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். தடித்த துண்டு வேகாமல் நிற்கும், அதன் முனை மாவையும் கிழிக்கும். சர்க்கரையைச் சுருட்டுவதற்கு முந்தைய நிமிடம்தான் சேர்க்க வேண்டும். அரை மணி முன்னால் சேர்த்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் சாறு தேங்கி நிற்கும்.

ரொட்டித்தூள் 100 கிராமை 60 கிராம் வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து ஆறவைக்கவும். இதைச் சேர்க்கையாக நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. சாற்றைக் குடித்துக்கொள்வதே இந்தத் தூள்தான், அதனால் இது இல்லாத ஸ்ட்ரூடல் மூன்று மாவிலும் தோற்கும். வறுக்காமல் போட்டாலும் ஊறிக் கஞ்சியாகிவிடும்.

இழுத்த மாவு

மைதா 250 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 125 மில்லி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. முட்டை, ஈஸ்ட், பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. பரோட்டா வீசத் தெரிந்த கைக்கு இந்த மாவு அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் மைதாவின் பசைத்தன்மைதான் மாவைக் கிழியாமல் விரியவைக்கிறது. பத்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் முதலில் கையில் ஒட்டிய மாவு காதுமடல் போல மெத்தென்று வழவழப்பாகும். மேலே எண்ணெய் பூசி, வெந்நீரில் கழுவிய கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி ஒரு மணி நேரம் விட வேண்டும். வினிகரின் லேசான புளிப்பு மாவை இன்னும் இளக்கமாக்கும்.

மேசைமேல் துவைத்த பருத்தி வேட்டியை விரித்து மைதா தூவிக்கொள்ளுங்கள். மாவை முதலில் கட்டையால் தேய்த்து ஒரு பெரிய சப்பாத்தி ஆக்குங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழன்றாக வேண்டும். இரண்டு கைகளையும் மாவுக்கு அடியில் விட்டு, விரல் முட்டிகள் மேலே பார்க்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். விரல்நுனி பட்டால் ஓட்டை விழும். மேசையைச் சுற்றி வந்துகொண்டே இழுக்க, வேட்டியின் கரை மாவுக்கு மேலே தெரிய ஆரம்பிக்கும். அடியில் செய்தித்தாளை வைத்து எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும் என்பது வியன்னாக் கணக்கு. இழுக்க இழுக்க மாவு சுருங்கித் திரும்புகிறதா? ஊறியது போதவில்லை. ஈரத்துணி போர்த்தி இன்னும் 15 நிமிடம் விடுங்கள், பலம் காட்டாதீர்கள். ஓரத்தில் கயிறு போல நிற்கும் தடித்த விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிய வேண்டும். அது வேகாமல் பல்லில் மாட்டும். ஓரிரு சிறிய கிழிசலுக்குப் பயப்பட வேண்டாம், சுருளுக்குள் மறைந்துவிடும்.

உருக்கிய வெண்ணெயைத் தடவி, நம் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ரொட்டித்தூளையும் அதன்மேல் ஆப்பிளையும் பரப்புங்கள். பக்க ஓரங்களை மடித்துவிட்டு, துணியைத் தூக்கினால் மாவு தானே உருண்டு போகும். சுருள் முடியும் விளிம்பு அடியில் வரவேண்டும். சிறிய ஓடிஜியாக (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) இருந்தால் லாடம் போல வளைத்து வையுங்கள். 190 டிகிரியில் 40 நிமிடம், நடுவில் இரண்டு முறை வெண்ணெய்ப் பூச்சு.

இந்த மாவின் சிறப்பு வெட்டும்போது தெரியும். வெளித்தோல் மெல்லிய மொறுமொறுப்பு, உள்மடிப்புகள் சாற்றில் லேசாக இளகி ஆப்பிளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். துண்டு குலையாது. தடவும் வெண்ணெயும் 60, 70 கிராமுக்கு மேல் போகாது.

ஃபைலோ

நேரமில்லாதவர்களுக்கு இதுதான் கிட்டத்தட்டச் சரியான மாற்று. மாவு அதே வகை, இழுக்கும் வேலை மட்டும் ஆலையில் முடிந்துவிட்டது. ஆனால் இழுவை போய்விட்டதால் வளைகிற இடத்தில் வெடிக்கும். உறைந்த பெட்டியை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். வெளியில் அவசரமாக இளகவிட்டால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பிரித்தபின் ஈரத்துணியால் மூடாவிட்டால் சில நிமிடத்தில் அப்பளம் போல நொறுங்கும்.

ஆறு முதல் எட்டுத் தாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொழுப்பு. வெண்ணெய் 100 கிராமைத் தாண்டும். நெய்யில் தண்ணீர் இல்லாததால் மொறுமொறுப்பு நன்றாக நிற்கும், ஆனால் நெய் வாசம் ஆப்பிளை அமுக்கிவிடும். வெண்ணெயை உருக்கி, நுரையை எடுத்து, தெளிவை மட்டும் பயன்படுத்துவது நடுவழி. ஒரு கிலோ பூரணத்தை ஒரே சுருளில் திணிக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு தாளில் சுருட்டுங்கள். 190 டிகிரியில் 30 நிமிடம். கத்தி வைத்தால் சில்லுசில்லாகப் பறக்கும், அதனால் சுடுவதற்கு முன்பே மேல் தாள்களில் கீறிவிட வேண்டும்.

பஃப் பேஸ்ட்ரி

நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஸ்ட்ரூடல் வேடமிட்ட ஆப்பிள் பஃப். மூன்று மடிப்பாக ஆறு முறை மடித்தால் 729 கொழுப்பு அடுக்கு. அந்த அடுக்குகளுக்கு நடுவே எழும் ஆவிதான் மாவை உப்பவைக்கிறது. ஈரப் பூரணம் மேலே உட்கார்ந்தால் அடிப்பக்கம் எப்படி உப்பும்? சுருளாகவும் சுற்ற முடியாது, சுற்றினால் உள்ளே இருப்பது வேகாது. ஒரே சுற்றில் போர்த்தி மூடுவதுதான்.

275 கிராம் தாளுக்கு ஆப்பிள் 500 கிராம் போதும், மற்றதெல்லாம் பாதி. ஆப்பிளைக் கடாயில் ஐந்து நிமிடம் வதக்கிச் சாறு வற்றவிட்டு, முழுக்க ஆறவைத்த பிறகே வைக்க வேண்டும். சூடான பூரணம் பட்டால் கொழுப்பு உருகி அடுக்கு போய்விடும். மேலே நாலைந்து கீறல் அவசியம். தட்டை முன்பே ஓவனில் காயவைத்து, 210 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 190-இல் 20 நிமிடம். வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். வனஸ்பதியோ மார்ஜரினோ போட்டதாக இருந்தால் ஆறியபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும்.

மறுநாளைக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் இழுத்த மாவையே செய்யுங்கள். 160 டிகிரியில் பத்து நிமிடம் காட்டினால் தோல் மீண்டும் மொறுமொறுக்கும். ஃபைலோ ஓரளவு மீளும். பஃப்பின் அடிப்பக்கம் ஒருமுறை நமுத்தால் நமுத்ததுதான். மைக்ரோவேவ் மூன்றுக்கும் ஆகாது. பொடித்த சர்க்கரையைப் பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும், சூட்டில் தூவினால் கரைந்து பிசுபிசுக்கும்.