அறுபது தாண்டிய இருவருக்கு மளிகை: கொங்கு நாட்டில் எதை எந்தக் கடையில் வாங்கலாம்

ஐந்து பேர் சாப்பிட்ட வீட்டில் பிள்ளைகள் வேலைக்கென்று பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டால் மிஞ்சுவது இருவர். மளிகைச் சீட்டு மட்டும் மாறாது. துவரம்பருப்பு மூன்று கிலோ, கடலை எண்ணெய் ஐந்து லிட்டர், ரவை இரண்டு கிலோ என்று பழகிய கை அப்படியே எழுதிக்கொண்டு போகும். நாலு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் ரவையில் புழு, பருப்பில் வண்டு, எண்ணெயில் சிக்கு வாடை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது வயதானவர்கள் பொருள் வாங்கப் போகும் இடங்கள் உழவர் சந்தை, தெருமுனை மளிகை, பெரிய சூப்பர் மார்க்கெட், செக்கு, செல்போன் ஆப், ரேஷன் என்று ஆறு. இந்த ஆறையும் அறுபது, எழுபது வயதுக்காரரின் தேவையை வைத்து எடை போட்டிருக்கிறோம். முதலில் பார்த்தது சின்ன அளவில் தருகிறார்களா என்பதை. தூக்கிக்கொண்டு வர முடியுமா, பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்பது அதற்கு அடுத்தது. விலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: கால் கிலோ வாங்குகிறவருக்குக் கடைக்குக் கடை வித்தியாசம் சில ரூபாய்தான். கெட்டுப்போய்க் கொட்டுவதில்தான் காசு போகிறது.

கடைக்குள் நுழையும் முன் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம். வயது ஏற ஏற நாக்கின் சுவையும் மூக்கின் வாசமும் மங்கும். குழம்பில் எப்போதும் போடும் உப்பு போதாதது போலவே தோன்றும். கை கூடப் போடும். தாகமும் குறைவதால் தண்ணீர் குடிக்க மறக்கும். பல் போனவர்கள் முதலில் கைவிடுவது முருங்கைக்காய், கறி, கடலைக்காய். பசி குறைந்ததும் ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும் என்று முடித்துக்கொள்வார்கள். ரெண்டு இட்லியில் புரதம் நாலு கிராம் தேறினால் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். முதுமையில் சதை கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று சொல்லும் வல்லுநர்களும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, சாப்பாட்டின் அளவு குறையலாம், பருப்பும் பாலும் முட்டையும் குறையக் கூடாது. சீட்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

காய்கறிக்கு உழவர் சந்தையை மிஞ்ச ஒன்றுமில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் இது. கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, ஈரோட்டில் சம்பத் நகர் என்று கொங்குப் பக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியே கடை போடுவார், தராசு சந்தையில் கொடுப்பது, அன்றைய விலை வாசலில் பலகையில் இருக்கும். பேரம் பேசத் தெம்பில்லாத வயதில் இந்தப் பலகை பெரிய நிம்மதி. உள்ளே போகும்போதே வாங்கப்போகும் நாலு காயின் விலையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

சிக்கல் நேரத்தில்தான். விடியற்காலையில் சரக்கு வந்து இறங்கும்போது கூட்டம் இடித்துத் தள்ளும். மழை பெய்த நாளில் கீரைத் தழையும் ஈரமுமாகத் தரை வழுக்கும். ஏழிலிருந்து எட்டு மணிக்குள் போனால் கூட்டம் தளர்ந்திருக்கும், காயும் தீர்ந்திருக்காது. எட்டரைக்கு மேல் போனால் பொறுக்கிப்போட்ட மிச்சம்தான். தோளில் பை மாட்டுவதைவிடச் சக்கரம் வைத்த பை நல்லது. அதையும் நாலு கிலோவுக்கு மேல் நிரப்பினால் பஸ் படியில் ஏற்றுவது கஷ்டம்.

சந்தையில் கால் கிலோ கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. "ஏனுங்கம்மா, அவரையும் கொத்தவரையும் கலந்து அரைக் கிலோவாப் போட்டுரட்டுங்களா?" என்று அவர்களே கேட்பார்கள். ஆனால் பல் சரியில்லாதவர்கள் கொத்தவரையை விட்டுவிட்டு அவரையை மட்டும் வாங்குவது நல்லது. கொத்தவரை கொஞ்சம் முற்றினாலும் நார் வேகாது. சுரைக்காயில் நகம் அழுத்தினால் தோல் உள்ளே இறங்க வேண்டும். பீர்க்கங்காயைக் கையில் தூக்கினால் கனமாக இருக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே நார்க்கூடு. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதை எந்த விவசாயியும் விரும்பமாட்டார். விரல் நீளத்துக்கு மேல் போகாத காயாக எடுத்தால் ஒடிக்கத் தேவையே இல்லை. முருங்கைக்காயை விட்டுவிட வேண்டாம். வேகவைத்துச் சதையைக் கரண்டியால் வழித்துப் பருப்போடு சேர்த்தால் மெல்ல முடியாதவர்களும் சாப்பிடலாம்.

கீரைதான் இருவர் வீட்டுக்குத் தலைவலி. கட்டு பெரியது, இரண்டாம் நாள் மஞ்சளாகிவிடும். பாதியை அன்றே கடைந்துவிட்டு, மீதியை ஈரம் போகத் துடைத்து செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலும் இரண்டு நாள் நிற்கும். கழுவி வைத்தால் அழுகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் வேலையும் ஏறி இறங்கும். தினம் ஒரே அளவாக இருக்கட்டும். உரித்த சின்ன வெங்காயம் பாக்கெட்டில் கிடைக்கிறது. கை நடுங்குகிறவர்களுக்கு வரம்தான், ஆனால் இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் கொழகொழத்துவிடும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் சுலபமாக உரிந்து வரும் என்பதால் உரிக்காததையே அரைக் கிலோ வாங்குவது மேல். வாழைப்பழம் சீப்பாக வேண்டாம். காய்வெட்டில் ரெண்டு, அரைப்பழம் ரெண்டு, பழுத்தது ரெண்டு என்று எண்ணி வாங்கினால் ஆறும் வீணாகாது.

மளிகைக்கு எங்கள் முதல் மதிப்பெண் தெருமுனைக் கடைக்கு. செலவு சாமான் என்கிற மசாலாப் பொருள்களை ஐம்பது கிராம், நூறு கிராம் என்று பொட்டலம் கட்டித் தருகிற ஒரே இடம் அதுதான். சீரகமும் மிளகும் கொத்தமல்லியும் ஒட்டுக்கா கால் கிலோ பாக்கெட்டுகளாக வாங்கினால் இருவர் வீட்டில் வாசம் போன பிறகுதான் தீரும். நாக்கு ஏற்கனவே மங்கிய வயதில் வாசம் போன மிளகைப் போட்டு ரசம் வைத்தால் உப்பைத்தான் கூட்டத் தோன்றும். புது மிளகும் சீரகமும் இடித்துப் போட்ட செலவு ரசத்துக்குக் குறைந்த உப்பே போதும். இந்தக் கடைகளின் குறை, உதிரி சரக்கில் தயாரித்த தேதி தெரியாது. பருப்பைக் கையில் அள்ளி விட்டால் மாவு ஒட்டினால் வண்டு விழுந்த சரக்கு. கண்ணாடி போலப் பளபளப்பதும் எண்ணெய்ப் பசையோடு இருப்பதும் பாலிஷ் போட்டது.

இருவருக்கு ஒரு மாதச் சீட்டு ஏறக்குறைய இப்படி வரும்: சாப்பாட்டு அரிசி 6 கிலோ, இட்லி அரிசி 3 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, உளுந்து முக்கால் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, கொள்ளு கால் கிலோ, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1 லிட்டர். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தால் இருவருக்கு மாதம் 300 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மூன்று மாதம் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். புரதத்தையும் இதிலேயே கணக்குப் போடலாம். மேலே சொன்ன பருப்பெல்லாம் சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம்தான். அரிசியில் இன்னொரு பதினொன்று. முந்நூறு மில்லி பாலும் தயிருமாகப் பத்து, ஒரு முட்டை ஆறு, வேகவைத்த கடலைக்காய் ஒரு கைப்பிடி ஆறு. காய்கறியையும் சேர்த்தால்தான் ஐம்பதை ஒட்டி நிற்கும். நாமக்கல் முட்டையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கொழுப்பு என்று பயந்து மஞ்சள் கருவைத் தூக்கிப் போடும் வீடுகள் நிறைய. மருத்துவர் தடுக்காதவரை அது வேண்டாத வேலை.

அரிசிம்பருப்பு சாதமே இந்த வயதுக்குத் தோதாகத் திருப்பிக்கொள்ளலாம். வழக்கமாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். பருப்பை அரை டம்ளராக்கி, தண்ணீரை நாலாக்கி, கூட ரெண்டு விசில் விட்டால் குழைவாக வரும், மெல்லவும் எளிது. பருப்பைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும். கொள்ளை ராத்திரியே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வயிறு உப்புசம் குறையும். கம்பு வாங்கினால் முழுக் கம்பாக வாங்கி, பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் மில்லில் உடைத்துக்கொள்ள வேண்டும். கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் மாவு சீக்கிரம் கசந்துபோகும். கடையில் பாக்கெட்டில் இருக்கும் கம்பு மாவு கசந்தால் கம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரிய சூப்பர் மார்க்கெட் பெரிய குடும்பத்துக்காகக் கட்டியது. ஏசி உண்டு, தள்ளுவண்டி உண்டு, தேதி அச்சிட்டிருக்கும். அது வரைக்கும் சரி. ஆனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகை இருவர் வீட்டில் குப்பைக்கூடையை நிரப்பவே உதவும். தள்ளுபடி எதில் என்று பாருங்கள், பெரும்பாலும் பிஸ்கட், நூடுல்ஸ், ஊறுகாய். சுகர் ஃப்ரீ என்று எழுதிய பிஸ்கட்டிலும் முதல் பொருள் மைதாவாக இருந்தால் சர்க்கரைக்காரருக்கு அதனால் லாபமில்லை. பாக்கெட்டின் பின்னால் சோடியம் என்ற வரியைத் தேடுங்கள். நாள் முழுவதற்கும் வரம்பு 2000 மில்லிகிராம். எழுத்து பொடிசாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். புதுத் தேதிச் சரக்கை அடுக்கின் பின்வரிசையில்தான் வைப்பார்கள். கையை உள்ளே விட்டு எடுப்பதில் வெட்கமில்லை.

இங்கே ஒரு பொருளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பில் போடுகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

செக்கு எண்ணெய்க்குக் கொங்கில் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப்பருப்பு வேண்டும். கடலையின் விலையை இரண்டரையால் பெருக்கிப் பார்த்து, லிட்டர் அதைவிட மலிவாகக் கிடைத்தால் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம் பக்கம் உலர்களங்களில் காய்ந்த தேங்காய்ப்பருப்பு. பால் போல வெளுத்திருந்தால் கந்தகப் புகை போட்டதா என்று கேட்க வேண்டும். இருவர் வீட்டுக்கு அரை லிட்டர் பாட்டில்தான் சரி. வடிகட்டாத எண்ணெயில் கசடு இருக்கும். அதைத் தெளிய விட்டு, எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடியிலோ வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் சிக்கு பிடிக்கும். செக்கு எண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம், எந்த எண்ணெயிலும் கொழுப்பின் அளவு ஒன்றுதான். செக்குக் கடைகளிலேயே விற்கும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கும் இதே பதில். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது, ருசியில் குறையில்லை, ஆனால் சர்க்கரை நோய்க்கு அதுவும் சர்க்கரைதான்.

ஆப்பில் பொருள் வாங்குவதை வயதானவர்கள் சிலர் முற்றாக ஒதுக்குகிறார்கள், சிலர் எல்லாவற்றுக்கும் அதையே நம்புகிறார்கள். ஐந்து கிலோ ஆட்டா, அரிசி மூட்டை, துணி சோப்பு மாதிரி கனமான சாமானுக்கு அது அருமை. தக்காளியும் வாழைப்பழமும் வேண்டாம், யாரோ பொறுக்கியது வரும். இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்பதற்காக வேண்டாத சாமானைச் சேர்ப்பதைவிட டெலிவரிக் காசைக் கொடுத்துவிடுவது லாபம். ஓடிபியை டெலிவரிக்காரர் வாசலில் நிற்கும்போது மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோவை நகருக்குள் பத்து நிமிடத்தில் வரும் இந்த வசதி கிராமத்துப் பக்கம் பெரும்பாலும் எட்டாது.

ரேஷன் பருப்பை விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்குக் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதச் சீட்டின் துவரையை அப்படியே அடைத்துவிடும். கொஞ்சம் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், வேகக் கூட ஒரு விசில் ஆகும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. தொடங்கும்போது 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று வந்த திட்டம் அது. உங்கள் அட்டை அதில் சேருமா, எந்த நாளில் வண்டி வரும் என்பதைக் கடை விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் பையை வாங்கி உள்ளே வைத்துவிடாமல், வாசலிலேயே எடை போடச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.