ராத்திரிப் பறப்புக்கு எது தோது: இரட்டைக் கண்ணாடியா, ஒற்றைக் கண் திரையா?

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருப்பதால் ஹெலிகாப்டர் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. அமாவாசை இருட்டில் கடல் எது, வானம் எது என்று கரையில் நிற்பவருக்கே பிடிபடாது. அப்படிப்பட்ட இருட்டில் பறக்க ராணுவ விமானிகளின் ஹெல்மெட்டில் இரண்டு விதக் கருவிகள் உண்டு. ஒன்று, நட்சத்திர வெளிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் இரட்டைக் கண்ணாடி. மற்றது அப்பாச்சி ஹெலிகாப்டரில் இருப்பது: மூக்கில் வெப்பக் கேமரா, அதன் படம் வலது கண் முன்னால் சின்னத் திரையில்.

வெறும் கண்ணுக்குப் பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி தெரியும். இரண்டு கருவியிலும் 40தான். ஓயாமல் தலையைத் திருப்ப வேண்டும், வலி கழுத்துக்கு. கண்ணாடி மட்டும் அரை கிலோவுக்கு மேல், அது முன்னால் இழுக்காமலிருக்கப் பின்னந்தலையில் எதிர் எடை. ஹெல்மெட்டோடு இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மீன்கூடை சுமந்தவர்களுக்குத் தெரியும், உச்சந்தலையில் நிற்கும் பாரம் வேறு, நெற்றிப் பக்கம் சரியும் பாரம் வேறு. இதில் ஒற்றைத் திரைதான் மேல். கேமராவை ஹெலிகாப்டரே சுமக்கிறது.

ஆனால் அந்தக் கேமரா விமானியின் கண்ணைவிடச் சுமார் 3 மீட்டர் முன்னால், தாழ்வாக இருக்கிறது. தூரக் கணக்கு தப்பும். வலது கண்ணில் வெப்பப் படம், இடது கண்ணில் இருட்டு. மூளை ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும்.

நம் கடலில் தத்தளிப்பவரைத் தேட நான் இரட்டைக் கண்ணாடி பக்கம். வெப்பக் கேமராவுக்கு வெளிச்சமே வேண்டாம், சரி. சூடான இன்ஜினைப் பளிச்சென்று காட்டும். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும் நனைந்த தலைக்கும் கடலுக்கும் சூட்டு வித்தியாசம் குறைவு, ஈரக்காற்று அதையும் மங்கவைக்கும். இன்ஜின் நின்று ஒரு ராத்திரி முழுக்க அலைந்த என் சித்தப்பாவின் கையில் இருந்தது ஒரு பேனா டார்ச் மட்டும். அந்தப் பொட்டு வெளிச்சத்தைக் கண்ணாடி வெகுதூரத்திலிருந்தே பிடித்துவிடும்.

அதற்கும் குறை உண்டு. படகின் பெரிய விளக்கு பட்டால் ஒளிவட்டம் படர்ந்து பக்கத்தில் இருப்பதை மறைக்கும். கோபுர உச்சியின் சில சிவப்பு எல்இடி விளக்குகள் வெறும் கண்ணுக்குத் தெரியும், கண்ணாடியில் தெரியவே தெரியாது. அதனால் அடிக்கடி கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். அலையில்லாத பாக் நீரிணையில் உயரம் மதிப்பிட எந்தக் கருவியிலும் பிடிமானமில்லை. அங்கே இறங்கும்போது ரேடியோ உயரமானியைப் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வர வேண்டும்.