பைரன் கேட்டியின் இலவசத் தாள்: நாலு கேள்வியில் எங்கே சிக்கும்?

மனசை அரிக்கும் நம்பிக்கைகளை நாமே விசாரிக்க அமெரிக்க எழுத்தாளர் பைரன் கேட்டி தரும் தாள் இது. நெட்டில் இறக்கி, நாகர்கோவிலில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் பிரிண்ட் போடலாம். ஆறு பகுதிகளை நிரப்பி, எழுதியதை நான்கு கேள்விகளில் சோதித்து, கடைசியில் அந்த வாக்கியத்தையே ஆளை மாற்றித் திருப்பிப் போட வேண்டும்.

பலர் நிற்பது எழுதும்போதே. 'சொந்தக்காரங்களுக்கு என்னைப் பிடிக்காது' என்றால் பிடி கிடைக்காது. 'தக்கலை கல்யாணப் பந்தியில் மைனி என்னை வேணும்னே கூப்பிடல' என்று எழுதுங்கள்.

'இது உண்மையா?', 'நிச்சயமாகத் தெரியுமா?' இரண்டுக்கும் ஆம், இல்லை மட்டுமே பதில். 'ஆமா, ஏன்னா...' என்று தொடங்கினால் விசாரணை போய் வக்கீல் வாதம் வந்துவிடும். 'ஆம்' என்றே வந்தாலும் குறையில்லை. தாளுக்குப் பிடிக்குமே என்று 'இல்லை' போட்டால்தான் வம்பு, உள்ளே 'ஆம்' அப்படியே கிடக்கும்.

மூன்றாவதில், நம்பும்போது நடப்பதை எழுதுங்கள்: தொண்டை அடைப்பு, முகம் திருப்பியது. நான்காவது, அந்த எண்ணம் இல்லாமல் நீங்கள் யார்? 'மன்னிச்சிருப்பேன்' என்பது உபதேசம். அதே பந்தியை மறுபடி பாருங்கள்: மைனி இடுப்பில் குழந்தை, கையில் அடப்பிரதமன் வாளி.

திருப்பிப் போடுவதில்தான் புதியவர்கள் தன்னைத் தானே திட்ட ஆரம்பிக்கிறார்கள். 'நான் மைனியைக் கூப்பிடல' என்பதற்கு நிஜமான மூன்று உதாரணம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் விடுங்கள்.

இந்தத் தாளுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம். அடி உதை, பாலியல் கொடுமை நினைவுகளோடு மட்டும் தனியாக இதில் உட்கார வேண்டாம்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.