குரூகர் பூங்காவில் தங்குமிடம்: உள்முகாமா, வாயிலுக்கு வெளியேயா, தனியார் காப்பகமா?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரவில் எங்கே தங்குவது என்பதைத்தான். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீண்டு, சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இந்தக் காட்டுக்குச் செல்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பூங்காவுக்குள்ளேயே அரசு நிறுவனமான சான்பார்க்ஸ் நடத்தும் முகாம்களில் தங்கி, வாடகைக் காரை நாமே ஓட்டிச் சுற்றலாம். வாயிலுக்கு வெளியே ஹேசிவியூ, மார்லோத் பார்க் போன்ற ஊர்களில் அறை எடுத்துக்கொண்டு தினமும் உள்ளே போய் வரலாம். அல்லது பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டியுள்ள சாபி சாண்ட், டிம்பாவட்டி போன்ற தனியார் காப்பகங்களின் விடுதியொன்றில் தங்கி, அவர்களுடைய வண்டியிலேயே காட்டைப் பார்க்கலாம். நான் முதல் வழியைத் தேர்ந்தேன். மறுபடி போனாலும் அதையே தேர்வேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாபி சாண்டின் பெயர்பெற்ற விடுதிகளில் ஒருவர் ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகையில், ஒரு குடும்பமே உள்முகாமின் கூரைவேய்ந்த வட்டக் குடிலில் பல இரவுகள் தங்கிவிடலாம். உள்முகாமில் தங்குபவர்கள் அறை வாடகையுடன் ஆளுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் வனப் பாதுகாப்புக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வேறுபாடு பெரிதாகவே இருக்கும். வெளியூர் அறைகள் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. வசதியில் தனியார் விடுதிகளுக்கு ஈடில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கடிகாரம்தான். குரூகரில் வாயில்கள் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். முகாம்களின் வாயில் வேறு, பூங்காவின் வெளிவாயில் வேறு. அங்கே கோடைக்காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் வாயில்கள் காலை 4.30 மணிக்குத் திறக்கும்போது, வெளிவாயில்கள் 5.30 மணிக்குத்தான் திறக்கின்றன. அந்த மாதங்களில் சூரியன் ஐந்து மணியை ஒட்டி உதித்துவிடுகிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால் உண்மை நிலை புரியும்: உள்ளே தங்கியவர் விடிவதற்கு முன்பே சாலையில் இருக்கிறார், வெளியே தங்கியவர் வாயிலில் வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி உள்ளே நுழையும்போது வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. கோடையில் ஒன்பது மணிக்கெல்லாம் சிங்கங்கள் புதர் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும் என்பதால், இழந்த அந்த ஒரு மணி நேரத்தை நாளின் வேறு எந்த நேரத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஜூன், ஜூலையை ஒட்டிய குளிர்காலத்தில் இரு வாயில்களும் ஆறு மணிக்கே திறக்கின்றன. அப்போது வேறுபாடு இல்லையே என்று தோன்றலாம். ஆனால் நேரத்துடன் தூரமும் வேகவரம்பும் சேர்ந்துகொள்கின்றன. பூங்காவுக்குள் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மண்சாலையில் 40 கிலோமீட்டரும்தான் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம். மேற்கு எல்லையிலுள்ள ஓர்பன் வெளிவாயிலிலிருந்து, பூங்காவின் நடுப்பகுதியிலுள்ள சதாரா முகாம் 48 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் வந்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். சிங்கங்களுக்குப் பெயர்போன எஸ்-100 என்ற மண்சாலையோ சதாராவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முகாமில் உறங்கி எழுந்தவர் வாயில் திறந்த சில நிமிடங்களில் அந்தச் சாலையில் திரும்பிவிடுவார். ஜூன் மாதத்தில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணிக்கு என்பதால், இரவு முழுவதும் நடமாடிய விலங்குகள் இன்னும் சாலையோரத்தில் இருக்கும் அந்த மங்கலான வெளிச்சம் முழுவதுமாக அவருக்குக் கிடைக்கிறது.

மாலையிலும் இதே கணக்குதான். குளிர்காலத்தின் நடுவில் மாலை 5.30 மணிக்குள் முகாமுக்குள் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் அபராதம் உண்டு. லோயர் சாபி முகாமின் வாயிலிலிருந்து சிறிது தூரத்திலேயே சன்செட் டாம் என்ற நீர்நிலை இருக்கிறது. நீர்யானைகளும் முதலைகளும் நாரைகளும் கூடும் அந்தக் கரையில், கடைசிப் பத்து நிமிடம் வரை காரை நிறுத்தி அமர்ந்திருக்க உள்முகாமில் தங்கியவரால் முடியும். வெளியே தங்கியவர் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி ஏதேனும் ஒரு வெளிவாயிலை நோக்கி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலையும் மாலையும் போய்விட்டால் எஞ்சுவது நண்பகல். அந்த நேரத்தில் யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் கிடைக்கும், ஊனுண்ணிகள் அரிதாகவே தென்படும். நெரிசல் மிகுந்த விடுமுறை நாட்களில் பகல்நேரப் பார்வையாளர்களின் எண்ணிக்கைக்கு வாயில்தோறும் வரம்பு உண்டு என்பதால், வெளியே தங்குபவர்கள் நுழைவையும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

தனியார் காப்பகங்களைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியவை பல. சாபி சாண்டுக்கும் குரூகருக்கும் இடையே இருந்த வேலி 1993-ல் அகற்றப்பட்டதால், இரண்டிலும் உலவுபவை ஒரே விலங்குகள்தான். ஆனால் குரூகரில் சாலையை விட்டு இறங்கக் கூடாது. குறிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் காரிலிருந்து வெளியே வரவும் கூடாது. சாபி சாண்டில் வண்டியின் முன்புற இருக்கையில் தடம் பார்ப்பவர் அமர்ந்திருப்பார். மணலில் பதிந்த கால்தடத்தைப் பின்பற்றிப் புதர்களுக்குள்ளேயே வண்டியைச் செலுத்துவார்கள். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் சில வண்டிகள் மட்டுமே நிற்க அனுமதிப்பார்கள். சிறுத்தையை அருகில், நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே ஒருவருடைய முதல் விருப்பமானால், சாபி சாண்டைத்தான் பரிந்துரைப்பேன். அங்கு நான் தங்கியது சிறிது காலமே, அதுவும் குளிர்காலத்தில். கோடையில் வரும் மழைக்காலத்தில் அந்த அனுபவம் எவ்வளவு மாறும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டே இரவுகள் கையில் உள்ளவர்களுக்கும், கார் ஓட்ட விரும்பாத முதியவர்களுக்கும் அது பொருந்தும். சிறு குழந்தைகளைப் பல விடுதிகள் சஃபாரி வண்டியில் ஏற்றுவதில்லை என்பதால், குடும்பத்துடன் செல்பவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

அங்கே எனக்குக் குறையாகப் பட்டது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிறர் தீர்மானிப்பதுதான். உடன் அமர்ந்திருப்பவர்கள் சிங்கத்தைத் தேடி வந்திருக்கும்போது, பனங்காடை மரக்கிளையிலிருந்து இறங்கிப் பூச்சி பிடிப்பதை அரைமணி நேரம் பார்க்கலாமா என்று கேட்க மனம் வராது. சொந்தமாக ஓட்டும்போது அந்த அரைமணி நேரம் நம்முடையது. இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் தலையைத் திருப்பி அசையாமல் நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, அவை எதைப் பார்க்கின்றன என்று நாமே கண்டுபிடிப்பதில் உள்ள மகிழ்ச்சியை, கொண்டுபோய்க் காட்டப்பட்ட எந்தச் சிங்கமும் எனக்குத் தந்ததில்லை. இதற்குப் பொறுமை வேண்டும். ஒன்றும் தென்படாத காலைகளும் வரும். அத்தகைய நாட்களுக்காகவே முகாம்களில் சான்பார்க்ஸ் ஊழியர்கள் நடத்தும் அதிகாலைச் சவாரியும் இரவுச் சவாரியும் இருக்கின்றன. வாயில் திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் காட்டுக்குள் இருக்க அனுமதியுள்ள வண்டிகள் அவை. கழுதைப்புலிகளையும் இரவில் நடமாடும் பிற விலங்குகளையும் பார்க்க அது நல்ல வழி. ஒரு சவாரியையாவது முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

முகாம்களில் எதைத் தேர்வது என்று கேட்டால், முதல் முறை செல்பவர்கள் லோயர் சாபியிலும் சதாராவிலும் இரவுகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்பேன். ஸ்குகுசா மிகப் பெரியது, வசதிகள் அதிகம், அதனால் கூட்டமும் அதிகம். நான் பழகியது தெற்கும் நடுப்பகுதியும்தான். ஷிங்வெட்சி, பூண்டா மரியா போன்ற வடக்கு முகாம்களுக்கு இந்தக் கணக்குகள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான குடில்களில் சமைக்க வசதி உண்டு என்பதால், அரிசியும் பருப்பும் வாங்கி வைத்துக்கொண்டால் சைவ உணவுக்காரர்களுக்குச் சிக்கலில்லை. திண்ணையில் உணவைத் திறந்து வைத்தால் குரங்குகள் எடுத்துக்கொண்டு போய்விடும். இந்தியாவிலும் இலங்கையிலும் போலவே அங்கும் இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது நமக்குக் கூடுதல் எளிமை.

பூங்கா மலேரியா பகுதியில் இருப்பதால், குறிப்பாக மழைக்காலத்தில் செல்பவர்கள் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பறப்பவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படும். ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும்.

உள்முகாம்களின் ஒரே உண்மையான இடர், அறை கிடைக்காமல் போவது. லோயர் சாபியின் ஆற்றைப் பார்த்த குடில்களும் தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறைக் கால அறைகளும் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. ஆனாலும் பலர் தேதி நெருங்கும்போது பதிவை ரத்து செய்கிறார்கள் என்பதால், இடம் இல்லை என்று கண்டவுடன் வெளியூர் அறைக்குப் பணம் கட்டிவிடாமல், சான்பார்க்ஸ் தளத்தைக் காலையும் மாலையும் திறந்து பார்த்துக்கொண்டிருங்கள்.